ஒன்பதாவது முடிச்சு

லிஃப்ட்காரர் நான்காம் மாடிப் பொத்தானை முழங்கையால் அழுத்துகிறார். இரண்டு கைக்கும் வேறு வேலை இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து, வயர்க்கூடையின் அடிப்பாகத்தை மடியில் போட்டுக்கொண்டு, வாய்க்கு வந்த பாட்டைச் சொல்லி, ஒரு சொல்லுக்கு ஒரு முடிச்சு என்று போட்டுக்கொண்டே போகிறார். வரிசைக்கு எட்டு முடிச்சு. ஆகவே பாட்டுக்கும் எட்டே சொல். எண்ணிக்கொண்டு உட்காருவதெல்லாம் அவருக்கு ஆகாது. பாட்டு முடிந்தால் வரிசை முடிந்தது.

ஆறாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா ஒரு மழை நாளில் ஒற்றைச் செருப்போடு லிஃப்டில் ஏறினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குடையும் வந்தாச்சு நடையும் வந்தாச்சு
இடையில எங்கயோ வாரறுந்து போச்சு."

மூன்றாம் மாடி வரை முறைத்துக்கொண்டு வந்த அம்மா, நான்கில் சிரித்துவிட்டார். மறுவாரம் அந்தக் கூடையையே விலைக்குக் கேட்டு வாங்கினார். "இதுல என் செருப்பு எந்த வரிசைண்ணே?" என்றார். இவர் சட்டென்று ஒரு பச்சை வரிசையில் விரலை வைத்தார்.

கட்டடத்தில் அவருக்கு 'எதுகை அண்ணன்' என்று பெயர். வைத்தது நான்தான். நான்காம் மாடியில் சிறுவர் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துகிறேன். நாள் முழுக்க வார்த்தைகளோடு மல்லுக்கட்டியும் எனக்கு ஒரு வரி வாய்க்காது. இவருக்கு வயரை இழுத்தால் கொட்டுகிறது. வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

"எப்படிண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை சும்மா இருந்தா வாயும் சும்மா இருக்கும் சார். ஒரு வயர் மேல போனா இன்னொண்ணு கீழ வரணும்ல. வார்த்தையும் அப்படித்தான், ஜோடியைத் தேடிக்கிட்டு தானா வரும்."

போன செவ்வாய்க்கிழமை மனிதர் ஒரு நிலையில் இல்லை. யாரும் அழுத்தாத மாடியிலெல்லாம் லிஃப்டை நிறுத்தினார். மடிப்புக் கதவைத் திறப்பார், தலையை வெளியே நீட்டி போனைப் பார்ப்பார், மூடுவார். லிஃப்டுக்குள் டவர் கிடைக்காது. ஏழாம் மாடி கணக்கர், "நான் படியிலேயே போயிருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

நான் சமய சந்தர்ப்பம் தெரியாதவன். எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கம் காலியாகக் கிடந்தது. "அண்ணே, குட்டியா ஒரு தாலாட்டு குடுங்களேன்" என்றேன்.

கதவைத் திறந்து என்னை நான்காம் மாடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா காதில் அது விழுந்திருக்கிறது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"உங்களுக்கு வேற பாட்டே கிடைக்கலையா சார்? அவர் பொண்ணு காலையிலேருந்து பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருக்கு. போன தடவை நாள் நெருங்கறதுக்கு முன்னாடியே கூடை பின்னி, தாலாட்டும் கட்டி, ஏழு மாடிக்கும் பாடிக் காட்டினார். குழந்தை தங்கல. தான் பாடினதாலதான்னு மனசுல போட்டு வச்சிருக்கார். இன்னிக்கு அங்க போய் குறுக்கும் நெடுக்குமா நடந்திருக்கார். 'எல்லாரையும் பயமுறுத்தாதீங்க, வேலைக்கே போங்க'ன்னு சம்சாரம் துரத்திவிட்டுட்டாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்று மறுபடி லிஃப்டில் ஏறினேன். ஏறியபின் அதையும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் வேகவேகமாகப் பின்னிக்கொண்டிருந்தார். எதையாவது சொல்லி எதையோ அடக்குகிற வேகம் அது.

"மஞ்சள் வயரு ரெண்டு கோத்தேன்
ஊஞ்சல் வேணும்னு குட்டிப் பல்லி வந்துச்சு."

அடுத்த வரிசைக்குக் கையைக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார். கூடையின் அடி ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. வாய் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டது. கை பக்கத்தில் கிடந்த இழையையும் சேர்த்து ஒன்பதாவதாக ஒரு முடிச்சு போட்டுவிட்டது. உதட்டை அசைத்து முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். எது கூடுதல் என்று தெரிந்ததும் முகம் வெளுத்தது.

"குட்டி வேணாம் சார்" என்றார். "இன்னிக்கு அந்தப் பேச்சே வேணாம்."

அந்த வரிசை முழுவதையும் பிரித்தார். அவசரமாகப் பிரித்ததில் வயர் சுருண்டு காலடியில் விழுந்தது. மறுபடி போடவில்லை. வேலையில்லாத அந்தக் கைகளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியில் வைத்தார், கதவில் வைத்தார், பையில் வைத்தார். லிஃப்ட் மேலும் கீழும் அலைந்தது. நானும் இறங்கவில்லை. நாலரை மணிக்கு டைப்பிஸ்ட் அம்மாவும் கணக்கரும் ஏறினார்கள். இவர் ஐந்தில் நிறுத்தியபோது கணக்கர் வாயைத் திறக்கவில்லை. துடைப்பக்கார அம்மா மாடி மாடியாகச் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் மாடியில் தலையை வெளியே நீட்டியிருந்தபோதுதான் போன் அடித்தது. காதில் வைத்தார். அவர் முதுகைத்தான் எங்களால் பார்க்க முடிந்தது.

"ம்" என்றார். "ரெண்டு பேருமா?" என்றார்.

திரும்பினார். "பொண்ணு சார். தாயும் நல்லா இருக்கா, குழந்தையும் நல்லா இருக்கு. சத்தம் போட்டு அழுதுச்சாம்."

கணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கண்ணே, நாங்க இறங்கிக்கிறோம்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"ஒரு நிமிஷம்மா."

முக்காலியில் உட்கார்ந்தார். காலடியில் சுருண்டு கிடந்த மஞ்சள் வயரை எடுத்து நீவினார். பல்லி வந்தது, ஊஞ்சல் கேட்டது. இந்தத் தடவை அந்தக் கூடுதல் சொல்லை நன்றாக நிறுத்தி, வாய்விட்டுச் சொன்னார். பக்கத்து இழையை விரல் தேடிப் பிடித்தது.

"எட்டுதானேண்ணே? கோணிக்கும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"கோணட்டும்" என்று சொல்லி, ஒன்பதாவது முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார்.