மாப்பிள்ளை கதவு

போன வாரம் ஆயுத பூஜை அன்றைக்கு என் கார் கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றால்... புதுசாகிவிட்டது.

குழப்புகிறேனா? இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

ஓசூர் ஜூஜுவாடி டிராஃபிக்கில் நின்றுகொண்டு உங்களிடம் அடிக்கடி புலம்புவேனே, அந்தக் கார் இல்லை. அது எப்போதும்போல் கெட்டுத்தான் இருக்கிறது. நான் சொல்வது ஒரு ஜாண் நீளக் கார். வெள்ளை அம்பாசிடர். என் மனைவி வனஜா அதைப் பொம்மை என்பாள். நான் ஸ்கேல் மாடல் என்பேன். அசல் வண்டியைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பார்ட் பார்ட்டாகச் செய்து ஒட்டுவது. ஐம்பது வயதுக்கு மேல் ஆம்பிளைக்கு ஏதாவது ஒரு கிறுக்கு பிடிக்கும். சிலருக்கு வாக்கிங், சிலருக்கு அரசியல். எனக்கு இது.

இந்த அம்பாசிடருக்குப் பின்னால் ஒரு குற்றம் இருக்கிறது. செய்தவன் நான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்குத் தலை தீபாவளி. மாமனார் வீடு வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்புக்கு நடுவில். வனஜாவின் அண்ணன் கோவிந்தப்பா அப்போதுதான் ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கியிருந்தார். அவருக்கு அது உயிர். நான் டிரைவிங் ஸ்கூலில் பதினோரு நாள் முடித்திருந்தேன். பதினோரு நாள் என்பது ரொம்ப ஆபத்தான கட்டம். தெரியாது என்பது மறந்துபோயிருக்கும், தெரியும் என்பது இன்னும் வந்திருக்காது.

"மச்சான், ஒரு ரவுண்டு எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். தலை தீபாவளி மாப்பிள்ளை கேட்டால் யார் முடியாது என்பார்கள்? சாவியைக் கொடுத்தார். நான் ரிவர்ஸ் எடுத்தேன். தோப்பு வாசலில் வேலிக்காக நட்டு வைத்திருந்த கருங்கல் தூண் வண்டியின் இடது பக்கப் பின் கதவுக்குள் பாதி வந்துவிட்டது. எங்கள் ஜில்லா கல் எவ்வளவு உறுதி என்று உலகத்துக்கே தெரியும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மச்சான் ஓடி வந்தார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலை தீபாவளி மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் எந்த ஊரிலாவது உண்டா? அந்த வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள். "பர்வாலேது மாப்பிள்ளை," என்றார். பரவாயில்லையாம். முகம் அப்படிச் சொல்லவில்லை.

"அடுத்த வாரமே டிங்கரிங் பண்ணிக் குடுத்துடறேன் மச்சான்," என்றேன்.

அடுத்த வாரம் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, அடுத்த வாரம் எப்படியெல்லாம் வரும் என்று... இருபத்திரண்டு வருஷம் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கதவு அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எதற்குப் போனாலும் பின் சீட்டுக்கு எல்லாரும் வலது பக்கமாக ஏறி நகர்ந்து நகர்ந்து உட்காருவார்கள். புதுசாக யாராவது இடது பக்கம் போய் இழுத்தால், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "அந்தப் பக்கம் திறக்காதுங்க, அது மாப்பிள்ளை கதவு."

பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த சித்திரையில் மச்சான் வண்டியை எடைக்குப் போட்டுவிட்டார். போனில் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கடைசி வரைக்கும் அந்தக் கதவு திறக்கல மாப்பிள்ளை." நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட அவரிடம் சாரி சொன்னதில்லை. இனிமேல் டிங்கரிங் பண்ணிக் கொடுக்க வண்டியும் இல்லை.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நம்ம ஊர் ஆம்பிளை சாரி சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்வீட் வாங்கி வருவான், ஃபேன் ரிப்பேர் பண்ணுவான், கேட்காமலே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விடுவான். அந்த ரெண்டு எழுத்து மட்டும் வாயில் வராது. நானும் ஒரு சுற்று வழியைத்தான் பிடித்தேன். அந்த அம்பாசிடரை அப்படியே சின்னதாகச் செய்து, அதே நெளிவோடு அவர் கையில் கொடுத்துவிடுவது. பார்த்ததும் அவருக்குப் புரியும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

டூல் ரூம் நண்பர் ஒருவர் 3டி பிரின்டரில் பாடியை அடித்துக் கொடுத்தார். மூன்று மாசம் ஞாயிறு தோறும் உட்கார்ந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பிரைமர் அடித்து, வெள்ளை பெயின்ட் அடித்து முடித்தால் வண்டி ஷோரூமில் நிற்பதுபோல் பளபளத்தது. அதற்கப்புறம்தான் அசல் வேலை. அதைப் பழசாக்க வேண்டும். வெதரிங் என்று பெயர்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிய்த்து, துரு நிறத்தில் தோய்த்து, ஒற்றி ஒற்றி எடுத்தால் பெயின்ட் பெயர்ந்த இடம் வரும். பிரவுன் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து இடுக்கில் ஓடவிட்டால் பத்து வருஷத்து அழுக்கு வரும். வேப்பனப்பள்ளி செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து மட்கார்டுக்கு அடியில் தூவினேன். நெளிவுக்கு மட்டும் ஒரு முழு ஞாயிறு போனது. கதவுக்கு லைட்டரால் லேசாகச் சூடு காட்டி, ஸ்பூன் முதுகால் அழுத்தி, ஆறவிட்டு, அந்த வண்டி பின்னால் போன ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தின் ஆல்பத்தில் இருந்த போட்டோவோடு ஒப்பிட்டு, மறுபடி சூடு காட்டி... அசலில் மூன்று செகண்டில் செய்தது, மாடலில் ஆறு மணி நேரம்.

வனஜாவிடம் இது யார் வண்டி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பத்து நிமிஷத்தில் அவள் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். நம்பர் பிளேட்டைக்கூடச் செய்து தீப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். விஜயதசமி அன்றைக்கு மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அன்று காலை ஒட்டிக்கொள்ளலாம் என்று பிளான்.

ஆயுத பூஜைக்கு முந்தின ரெண்டு நாள் ஓசூர் எப்படி இருக்கும் தெரியுமல்லவா? ஊரே ஒரு கையில் வேஸ்ட் துணியும் மறு கையில் டீசலுமாக அலையும். நான் எங்கள் கம்பெனியில் என் வயசு லேத் ஒன்றுக்குத் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன்; வீட்டில் அம்பாசிடரை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. பூஜை முடிந்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி, கடலை, லட்டு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, ஸ்க்ரூ டிரைவர், லேப்டாப், என் பேனா. நடுவில் ஒரு புத்தம்புது அம்பாசிடர்.

பானெட்டில் சந்தனம், குங்குமம். கூரையில் ஒரு பட்டன் ரோஜா. நாலு சக்கரத்துக்கும் கீழே நசுங்கிய நாலு சுண்டைக்காய். எலுமிச்சம்பழம் வைத்தால் வண்டி குடை சாய்கிறதாம்.

துரு இல்லை. அழுக்கு இல்லை. செம்மண் இல்லை. நான் பதறிப்போய்த் திருப்பிப் பார்த்தேன். நெளிவு இல்லை. இடது பக்கக் கதவு கண்ணாடி மாதிரி இருந்தது, அதில் என் முகம் தெரிந்தது. முகம் சரியில்லை.

"யாரு பண்ணது?" என்றேன்.

"நம்ம இசக்கிமுத்துதாங்க," என்றாள் வனஜா. "மூணு மாசமா நீங்க கட்டிட்டு அழற சாமான் அது, பூஜையில வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? துருப்பிடிச்ச வண்டியச் சாமி முன்னாடி எப்படிங்க வைக்கிறது? கதவு வேற நசுங்கிக் கெடந்துச்சு. கீழ போட்டுட்டு வெளிய சொல்லாம இருக்கீங்கன்னு நெனைச்சேன்."

இதில் எந்த வரிக்கு நான் பதில் சொல்வது? சொல்லுங்கள்.

இசக்கிமுத்து மாடி வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஒரு வண்டி கம்பெனி பெயின்ட் ஷாப்பில் ரீவொர்க் செக்‌ஷன். அதாவது லைனில் வருகிற வண்டியில் கீறல், புள்ளி, பள்ளம் எதுவாக இருந்தாலும் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ரெண்டு நாள் லீவில் இருந்தவரிடம் போய், பதினேழு இடத்தில் துருப்பிடித்த காரைக் கொடுத்தால் மனுஷன் சும்மா இருப்பாரா?

பதினேழு என்பது என் கணக்கு இல்லை. காரின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "துரு: 17 இடம். பெயின்ட் பெயர்வு: 9. நெளிவு: 1. எல்லாம் சரி செய்யப்பட்டது." பக்கத்தில் பச்சை கலரில் ஓகே ஸ்டிக்கர்.

என் குரல் கேட்டு அவரே இறங்கி வந்துவிட்டார். "பாத்தீயளா அண்ணாச்சி? லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, ஒரு கோடு தெரியாது. இந்தக் கதவுதான் ரொம்பப் படுத்திட்டு. பட்டி போட்டு, தேச்சு, மறுபடி பட்டி போட்டு... ஒரு நா முழுக்க இதுக்கே போயிட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் சொன்னார், "தெனம் எத்தனையோ வண்டி பாக்கேன் அண்ணாச்சி. சரி பண்ணி விட்டா லாரில ஏறிப் போயிரும். யாரு வாங்குதான், சந்தோஷப்படுதானா, ஒண்ணும் தெரியாது. மொத மொத இப்பதான் ஓனர் மொகத்தப் பாக்கேன்."

அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சிரித்தேன். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி," என்றேன். லட்டு பொட்டலத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அவர் மாடி ஏறியதும் ஸ்பூனையும் லைட்டரையும் எடுத்து உட்கார்ந்தேன். மறுபடி நெளித்துவிடலாம். கைதான் போகவில்லை. ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நேராக்கினதை நான் எப்படி நசுக்குவது? அந்தக் கதவை ஒருமுறை நசுக்கியதற்கே இன்னும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் மச்சான் வந்தார். ஒரு மூட்டை ராகி மாவு, பத்துத் தேங்காய். காபி முடிந்தது. நான் உள்ளே போய், நம்பர் பிளேட்டை ஒட்டி, வண்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன்.

நம்பரைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் மெதுவாக வண்டியைத் திருப்பினார். நேராக இடது பக்கப் பின் கதவு. கட்டை விரலால் மேலிருந்து கீழ் வரைக்கும் தடவினார்.

"ஒருவழியா டிங்கரிங் பண்ணிக் குடுத்துட்டீங்க மாப்பிள்ளை," என்றார்.

வனஜாவுக்கு அப்போதுதான் அது யார் வண்டி என்று புரிந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டிங்கரிங்கை நானே பண்ணியதாக இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாடியில் அந்த ஆளின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நெளித்தது நான், நேராக்கியது இசக்கிமுத்து என்று.

"சரியாத்தான் இருக்கு. அப்பவும் நெளிச்சது நீங்கதான்," என்றார் மச்சான்.

"சாரி மச்சான்."

வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது, இவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டது.

"எதுக்குங்க?"

"கதவுக்கு."

மச்சான் கதவை இன்னொரு முறை தடவினார். வனஜாதான் சொன்னாள். "நீங்க ஊருக்கு வர்ற அன்னிக்கெல்லாம் அண்ணன் வண்டிய அந்தப் பக்கம் செவுத்தோட ஒட்டி நிறுத்துவாரு. நெளிவு உங்க கண்ணுல பட்டா சங்கடப்படுவீங்களாம். கவனிச்சதே இல்லையா நீங்க?"

கவனித்திருக்கிறேன். புளியமர நிழலுக்காக நிறுத்துகிறார் என்று நினைத்திருந்தேன். நான் அவரிடம் பேசவே தயங்கிய நெளிவை, அவர் என் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

"பர்வாலேது மாப்பிள்ளை," என்றார் மச்சான். இந்த முறை முகமும் அதையே சொன்னது. கிளம்பும்போது காரைத் துண்டில் சுற்றி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நேற்று போன் செய்தார். காரை டிவிக்குப் பக்கத்தில், இடது பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாராம். பேத்தி எடுத்து விளையாடியிருக்கிறாள். முன் கதவை இழுத்திருக்கிறாள், பின் கதவை இழுத்திருக்கிறாள், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்... எதுவும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? நாலையும் நான் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

அந்த வீட்டில் இனி மாப்பிள்ளை கதவு என்ற பேச்சே கிடையாதாம். மொத்த வண்டிக்கும் பேர் வைத்துவிட்டார்கள் — மாப்பிள்ளை கார்.