வெங்காயப் பாத்தியில் ஒரு பொம்பிளை பார்ப்பு

என் மகளுக்கு நான் வாழ்க்கையில் ஒரேயொரு சத்தியம்தான் செய்து கொடுத்திருக்கிறேன். அதை ஒரு மே மாதச் சனிக்கிழமை காலையில், மரக்கறித் தோட்டமொன்றில், இரண்டு கையிலும் வெங்காய நாற்றோடு முழங்காலில் நின்றபடி முறித்தேன். இப்படிச் சொன்னால் ஏதோ தவறுதலாக நடந்ததுபோல இருக்கும். இல்லை. மூன்று கிழமை திட்டம் போட்டு முறித்தது.

சத்தியம் பிறந்தது அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில். ரொறொன்ரோவிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பழைய சிநேகிதர் என்று என் மனுசி மகளிடம் சொல்லியிருந்தாள். வேலை முடிந்து களைத்து வந்த பிள்ளை, மரியாதைக்கு இருந்து ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெடியனின் தகப்பன் அவளுடைய உயரம் எவ்வளவு என்று கேட்டார். அவள் சத்தம் போடவில்லை. அவர்கள் போகும்வரை இருந்துவிட்டு, கதவைப் பூட்டியதும் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்குச் சொல்லாமல் இனி ஒருத்தரையும் கொண்டுவந்து காட்டமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"அம்மாட்டையும் கேளன்."

"அம்மாட்டைக் கேட்டுப் பிரயோசனமில்லை. நீங்கள் சொன்னால் காணும்."

பண்ணினேன். பண்ணியபோது எனக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. அந்த வீட்டில் நம்பக்கூடிய ஆள் நான்தான் என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்ததுபோல.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நகரத்துக்குள், அஹுன்ட்சிக்கில், வீட்டில் சும்மா இருந்தபோது, சமையலறையில் ஒவ்வொரு தகரப் பேணியையும் திறந்து பார்த்து "இது ஏன் இஞ்ச இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் மனுசியே என்னைத் துரத்திவிட்டாள். அப்படித்தான் ஆற்றுக்கு அப்பால் ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள அந்தப் பங்குத் தோட்டத்தில் சேர்ந்தோம். கோடையில் கிழமைக்கொரு கூடை மரக்கறி வரும். அதற்குப் பதிலாக வசந்தத்தில் சில சனிக்கிழமைகள் போய் வேலை செய்ய வேண்டும்.

வசந்த வேலை என்றதும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் என்று நினைக்க வேண்டாம். முதல் வேலை கல் பொறுக்குவது. போன வருடம் கடைசிக் கல்லையும் பொறுக்கி எறிந்திருப்போம். பனிக்காலம் முடிந்து வந்து பார்த்தால் நிலத்துக்கு அடியிலிருந்து புதுக்கல் மேலே வந்து உட்கார்ந்திருக்கும், ஏதோ நாங்கள் கூப்பிட்டதுபோல. பிறகு சிவப்பு முள்ளங்கிப் பாத்திகளுக்கு வெள்ளைத் துணி போர்த்துவது. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ந்த தக்காளிக் கன்றுகளைப் பகலில் வெளியே தூக்கி வைத்துக் காற்றுக்குப் பழக்கி, பின்னேரம் திரும்ப உள்ளே தூக்கி வைப்பது. இவையெல்லாம் முடிந்த பிறகு வெங்காயம் நடுவது.

இந்தத் தோட்டத்தைப் பொம்பிளை பார்ப்புக்குப் பாவிக்கலாம் என்ற யோசனை என் மனுசிக்கும் நகரத்தின் மேற்கு ஓரம் கர்க்லாண்டில் இருக்கிற ஒரு தாய்க்கும் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது வந்தது. அந்தத் தாயின் மகன் எஞ்சினியர். பொம்பிளை பார்ப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவனும் ஓடுகிற சாதியாம். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே தோட்டத்தில் நின்றால் யார் என்ன சொல்ல முடியும்? அந்தத் தாய் அடுத்த நாளே தோட்டத்தில் அங்கத்தவராகச் சேர்ந்துவிட்டார். மரக்கறிக்காக அல்ல, மருமகளுக்காக.

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்," என்றேன் மனுசியிடம்.

"ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய்து வை எண்டு சொல்லுறவை. நீங்கள் ஒண்டுதானே சொல்லப் போறியள்."

நானும் யோசித்தேன். காட்டமாட்டேன் என்றுதானே சத்தியம்? வெங்காயம் நடுகிற இடத்தில் ஒருவன் தானாக வந்து நின்றால் அது காட்டியதாகுமா? கோர்ட்டில் வாதாடினாலும் வெல்லலாம் என்று பட்டது. தன்னைத்தானே ஏமாற்றுகிறவனுக்குச் சட்டம் நன்றாகத் தெரியும்.

மகளைத் தோட்டத்துக்குக் கூப்பிட, முழங்கால் நோகிறது, வளைய முடியவில்லை, ஒரு கை உதவி வேண்டும் என்று மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் பதினொரு மணிக்கு முன் கண் திறவாத பிள்ளை, முதலாவது பொய்யின் பாதியிலேயே "ஓம் அப்பா, வாறன்" என்றாள். கடவுளே வழி திறக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. கர்க்லாண்ட்காரர், தாயும் மகனும், எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். தாய் வெள்ளைச் சப்பாத்தும் முத்துத் தோடும் போட்டு, கையில் உழுந்துவடைப் பெட்டியோடு சேற்றில் நின்றார். ஒருவரையொருவர் தெரியாததுபோல் நடிப்பது என்று பேச்சு. இங்கேதான் முதல் பிழை. பிரெஞ்சுக்காரர் முப்பது பேர் நிற்கிற ஒரு வயலில் இரண்டு தமிழ்க் குடும்பம் சந்தித்து, "நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்காமல் நிற்பது உலகத்தில் நடக்காத காரியம். நாங்கள் வானத்தைப் பார்த்தோம், அவர்கள் முள்ளங்கியைப் பார்த்தார்கள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம்.

தோட்டக்காரி உயரமான இளம்பெண். தொப்பியும் பெரிய குரலுமாக எங்களிடம் வந்து, உங்களுக்கு ஒருவரையொருவர் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். "நோன்!" என்று பெரியவர் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மறுத்தோம். என் மனுசி மட்டும் அதை இரண்டு தரம் சொன்னாள்.

வெங்காயம் நடுகிற முறை இதுதான். ஒரு பாத்திக்கு இரண்டு பேர். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், முகத்துக்கு முகம் முழங்காலில். பாத்தியை மிதிக்கக் கூடாது. அடையாளம் போட்ட இடத்தில் விரலால் குழி, அதில் ஒரு நாற்று, ஒரு அமத்தல், அடுத்தது. மூன்று மணித்தியாலம் முடியும்வரை, எதிரே இருக்கிற முகத்தை விட்டு ஓட வழியில்லை. பிள்ளைகளை இப்படி எதிரெதிரே விட்டுவிட்டால் போதும் என்பதுதான் திட்டம்.

ஆனால் யாரோடு யார் என்று முடிவெடுப்பது தோட்டக்காரி. பழைய ஆளோடு புது ஆளைச் சேர்ப்பது அவளுடைய சட்டம். ஒரே பாசைக்காரர் என்றால் இன்னும் வசதி என்று, போன வருடம் இரண்டு தரம் வந்து நட்டிருந்த மகளைப் பெடியனின் தாயோடு விட்டாள். பெடியனை என்னோடு விட்டாள். மாற்றச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்தது துறைமுகத்துப் பிரெஞ்சு, அதில் பாதியைப் பெண்கள் முன்னால் பேச முடியாது. மனுசியைக் கூடாரத்துக்குள் நாற்றுத் தட்டுக் கழுவ அனுப்பினாள். போகும்போது மனுசி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்ச நாற்றும் வாடியிருக்கும்.

சரி, பெடியனையாவது ஆராய்வோம் என்று தொடங்கினேன்.

"தம்பி, உமக்கு வேலை நிரந்தரமோ?"

"ஓம் அங்கிள்."

"இந்த வெங்காயம் மாதிரித்தான், வேர் பிடிச்சால்தான் நல்லது. தண்ணி கிண்ணி பாவிக்கிறனீரோ?"

"வெங்காயத்துக்கோ அங்கிள்?"

நல்ல பெடியன். நடுகை மட்டும் மோசம், கோடு போட்டுக் கொடுத்தும் பாம்பு போன வழியாகப் போனது. நான் கேட்டுக்கொண்டே போனேன். சம்பளத்துக்குக் கிட்டப் போய், சீனி வியாதி பரம்பரையில் இருக்கிறதா என்பதில் வந்து நின்றபோது, பெடியன் நாற்றைக் கீழே வைத்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"அங்கிள், அம்மா எனக்கு வரேக்க கார்லதான் சொன்னவா, இது என்ன விசயமெண்டு. அவவுக்குத் தெரியுமோ?"

"ஆருக்கு?"

"உங்கட மகளுக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆயிரத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. ஆனால் சேறு பூசின முகத்தோடு அந்தப் பிள்ளை நேரே பார்த்தது. "தெரியாது," என்றேன்.

"அப்ப அது சரியில்லை அங்கிள்."

எழும்பினான். பாத்தியை மிதிக்காமல், முழு நீளத்தையும் சுற்றி நடந்து, இரண்டு பாத்தி தள்ளி இருந்த என் மகளிடம் போய்க் குனிந்தான். பிரெஞ்சில் நாலு வசனம் சொல்லியிருப்பான். பிரெஞ்சு விளங்காத பெடியனின் தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தார். நான் இரண்டு கையிலும் நாற்றோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பெடியன் அதே தூரத்தைச் சுற்றித் திரும்பி வந்து எனக்கு முன்னால் இருந்தான். "சொல்லிட்டன் அங்கிள். தாங்ஸ் எண்டு சொன்னவா."

"வேற?"

"'அப்பாவுக்கும் தெரியுமோ?' எண்டு கேட்டவா. ஓம் எண்டு சொன்னன்."

தாயைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. எனக்கு முன்னால் இருந்து கோணல் வெங்காயம் நடுகிற அந்தப் பெடியன்மேல் கோபமும் வந்தது, இப்படியொரு மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமே என்ற ஆசையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் அடுத்த குழியைத் தோண்டினேன்.

மத்தியானம் எல்லோரும் சூப்புக் குடிக்க இருந்தபோது மகள் வடைப் பெட்டியை வாங்கி எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்கு இரண்டு வைத்தாள். மனுசி என் காதுக்குள், "பாத்தியளே, எவ்வளவு வடிவாப் பழகுதுகள்! நான் சொன்னனான்தானே," என்றாள். நான் இரண்டாவது வடையை வாய்க்குள் போட்டேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் ஒரே நெரிசல். பின் சீற்றில் இருந்து மனுசி பெடியனின் குணநலன்களைப் பாடிக்கொண்டு வந்தாள். மகள் என் பக்கத்தில் இருந்தவள், ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் இண்டைக்கு ஏன் உடன வாறன் எண்டு சொன்னனான் தெரியுமோ அப்பா? உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல இருந்தது. உங்களோட சேர்ந்து வெங்காயம் நட்டுக்கொண்டு சொல்லுவம் எண்டு நினைச்சன். குனிஞ்சு கொண்டிருந்தால் முகத்தைப் பாக்கத் தேவையில்லை."

"என்ன விசயம்?"

"இப்ப இல்லை."

"என்னடி, சொல்லன்!" என்றாள் தாய். மகள் வானொலியைப் போட்டாள்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் கொடுமை. மனுசி விசயம் என்னவாக இருக்கும் என்று ஏழு நாளில் ஏழு ஊகம் வைத்திருந்தாள், வேலை போய்விட்டது என்பது முதல், வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாள் என்பது வரை. எனக்குப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. என் தகப்பன் கேட்டதில்லை, அவருடைய தகப்பன் கேட்டிருக்கச் சந்தர்ப்பமே இல்லை. முதல் நாள் மாம்பழம் வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் அவளுடைய காரின் பனிக்கால டயரைக் கழற்றிக் கோடைச் சில்லு மாற்றிக் கொடுத்தேன். இரண்டுக்கும் "தாங்ஸ்" வந்தது, வேறொன்றும் வரவில்லை. வியாழக்கிழமை, அவள் சப்பாத்துக் கழற்றும்போது, கதவடியில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"நான் பிழை விட்டிட்டன். உன்ர அம்மா சொன்னவா எண்டு சாட்டுச் சொல்லமாட்டன். நான்தான் ஓமெண்டனான்."

"ம்," என்றாள். மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். "சனிக்கிழமை எத்தினை மணிக்குப் போறியள்?"

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போனோம். தோட்டக்காரி ஆட்களைப் பிரிக்கத் தொடங்குமுன் அவளிடம் போய், என் துறைமுகத்துப் பிரெஞ்சில் கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சமிருந்த மூன்று சொல்லில் "மகள், நான், சேர்ந்து" என்றேன். சிரித்துக்கொண்டு கடைசி வெங்காயப் பாத்தியைக் காட்டினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். பேணியைத் திறந்து "இது ஏன் இஞ்ச?" என்று கேட்கிற ஆள், ஒரு முழுத் தட்டு நாற்று முடியும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். மண்புழுவைப் பற்றிச் சொன்னேன். மழை வரும்போல என்றேன். வரவில்லை. நாக்கு பல்லுக்குப் பின்னால் நின்று துடித்தது. இரண்டாவது தட்டை எடுத்து நடுவில் வைத்தபோது மகள் பேசத் தொடங்கினாள்.

தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். இரண்டு வருடமாகிறதாம். இங்கத்தைய ஆள், தமிழில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும், அம்மாவுக்குச் சொல்ல நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தாளாம். "போன கிழமைக்குப் பிறகு ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை எண்டுதான் நினைச்சனான்," என்றாள். "பேந்து சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சு."

நான் தலை நிமிரவில்லை. ஒரு சாண் இடைவெளியில் நிற்க வேண்டிய நாற்று, பஸ்ஸுக்கு நிற்கிற சனம்போல ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போவது தெரிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. தமிழில்லை என்பது உள்ளே போய்க் குத்தத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட, அவள் திரும்பவும் என்னிடம்தான் வந்து சொல்கிறாள் என்பது பெரிதாக இருந்தது.

"அப்பா, அழுறியளோ?"

வெங்காயம் என்று சொல்லித் தப்பலாம் என்று பார்த்தேன். ஆனால் நாற்று வெங்காயம் கண்ணை எரிக்காது. அது அவளுக்கும் தெரியும்.

"ஓம்," என்றேன்.