கூடைக் கட்சியின் எழுத்தர்

அமீரகத்தின் புஜைராவில் கௌஸ் முகைதீனைப் போன்ற பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விசா ஃபாரம் அடித்துக் கொடுப்பார். வெளியே போலீஸ் வண்டி நின்றால் விரல் தடுமாறும். "ஆருக்குப் பயந்து இப்புடி சாவுறிய மச்சான்?" என்று மனைவி ஜுலைஹா பீவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் இருந்தது ஒரு கட்சி.

பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் கீழக்கரை என்றிருக்கும். உண்மையில் பிறந்தது கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில். வாப்பா அங்கே சோற்றுக்கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தொடங்கியதும் தீவில் ஆளாளுக்குக் கட்சி ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று, கிராம்புக் கூடையைச் சின்னமாக வைத்த கூடைக் கட்சி. அரபியும் ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்பது கொள்கை. நல்ல கொள்கைக்கு எங்கே ஓட்டு விழுந்திருக்கிறது? பதினோரு மாதத்தில் கட்சி கலைந்தது. கையெழுத்து அழகாக இருந்த ஒரே தகுதியால், பதினேழு வயது கௌஸ்தான் அதன் எழுத்தர். இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பெயரையும் வீட்டையும் தெருவையும் ஒரு புத்தகத்தில் எழுதினார். முதல் பெயர் அவருடையது.

சில வருடங்களில் கலவரம் வந்தது. அரபிகளையும் அவர்களோடு சேர்ந்தவர்களையும் கலகக்காரர்கள் வீடு வீடாக ஆயுதத்தோடு தேடினார்கள். கௌஸ் வாப்பாவோடு படகேறித் தப்பினார். நடுக்கடலில்தான் நினைவு வந்தது, பூட்டிக் கிடந்த கட்சி அறையின் மேஜைக்குள் புத்தகம் அப்படியே இருக்கிறது. அது கொலைகாரர்கள் கையில் சிக்கினால் அவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அன்று பிடித்த பயம் நாற்பத்துநாலு வருடமாகப் போகவில்லை. வளைகுடாவில் சான்சிபாரிலிருந்து வந்த அரபிக் குடும்பங்கள் ஏராளம். தன் பட்டியலால் செத்தவரின் பிள்ளை அவர்களில் யாராகவும் இருக்கலாம். அதனால் தீவின் மொழியான ஸ்வாஹிலி தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொண்டதில்லை.

2008-இல் ஒருநாள் உம்மு ஹானி என்ற முதிய பெண்மணி மகளோடு வந்தார். எந்த நாட்டுக் காகிதமும் இல்லாதவர். நாடில்லாதவர்களை அரசு பதிவு செய்கிறதாம், அதற்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னார். தந்தை இன்னார் என்பதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கௌஸ் கேட்டார். துணிமுடிச்சிலிருந்து ஓர் அட்டை வெளியே வந்தது. அதில் கிராம்புக் கூடைப் படம். கீழே, எழுத்தர் என்ற இடத்தில், அவருடைய கையெழுத்து.

இது செல்லாது, எடுத்துப் போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்த உம்மு ஹானி பயந்துபோய், மகளிடம் ஸ்வாஹிலியில் சொன்னார்:

"கட்சிச் சமாச்சாரம், இங்க ஆகாது போல. கிழிச்சுப் போட்டுடலாம். அந்தப் புத்தகத்தாலதான் பாபாவக் கொன்னாங்க."

கௌஸுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இருவரும் போய்விடுவார்கள். ஆனால் மீதிக் காலமும் இப்படியே பயந்து சாக வேண்டும்.

"கித்தாபு கிக்கோ வாப்பி?"

அந்தப் புத்தகம் எங்கே என்று ஸ்வாஹிலியில் கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

உம்மு ஹானி அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கலவரத்தன்று பாபா கட்சி அறையின் பூட்டை உடைத்துப் புத்தகத்தை எடுத்து வந்தாராம். தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டாராம். தன் அட்டையை மட்டும் மகளிடம் கொடுத்தாராம். அதற்குள் கொலைகாரர்கள் வந்துவிட்டார்கள்.

"எரிச்சுட்டேன்னார். நம்பல. ஒரே ஒரு பேர் சொல்லு, விட்டுடறோம்னாங்க. பாபா சொல்லல."

கௌஸ் அழுதார். தான் விட்டுவிட்டு ஓடியதை இன்னொருவர் செய்து முடித்திருக்கிறார் என்ற வெட்கம் அவரைத் தின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடர்ந்தார். தந்தையை நேரில் அறிந்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.

"யாரும் உயிரோட இல்ல," என்றார் உம்மு ஹானி.

வாசலில் போலீஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. விரல் நடுங்கத்தான் செய்தது. கௌஸ் முகைதீன் தன் பெயரை அடித்தார். பிறந்த இடம், சான்சிபார்.