எந்த ராஜாவின் நாள்

இரட்டையரில் இளைத்துப் பிறந்தும் பிழைத்துக்கொண்டது, தெருவையே வாரிக்கொண்டு போன கொள்ளைநோயில் தப்பியது, இருபது வயதில் கணவனைப் புதைத்த பிறகும் பூவேலைக் கடையை மூடாமல் நடத்தியது, பொம்பளைக்கு எதற்கு என்று முகம் சுளித்த தையல்காரர் சங்கத்திலேயே இடம் வாங்கியது. யார்க் நகரத்து இசாட் இத்தனையையும் வென்றவள். அவளுடைய அக்கா ஏவிஸ், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

யார்க் வம்சத்து ஆட்சிக்கும் இசாட்டுக்கும் ஒரே வயது. பனி கொட்டிய குருத்தோலை ஞாயிறன்று டௌட்டன் களத்தில் வென்று அந்த வம்சத்து எட்வர்டு முடியை உறுதிப்படுத்திக்கொண்டான். அதே களத்தில் அப்பா செத்தார். அந்த வசந்தத்தில்தான் இசாட்டும் அவளுடைய இரட்டைச் சகோதரன் காவெனும் பிறந்தார்கள். பிற்பாடு எட்வர்டின் தம்பி ரிச்சர்டு அரசனாகி யார்க்குக்கு வந்தபோது, அவனுடைய வெள்ளைப் பன்றிச் சின்னத்தை ஊரே சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தது. இசாட்டுக்கு ஊசியைக் கீழே வைக்க நேரமில்லை. இரண்டே வருடம். போன ஆகஸ்டில் ரிச்சர்டு களத்தில் வெட்டுண்டு விழுந்தான். மிச்சமிருந்த துணிப் பன்றிகளை இசாட் அடுப்பில் போட்டாள்.

காவெனின் வாய்தான் அடங்கவில்லை. அந்தப் போரிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்தவன், சாராயக்கடையில் உட்கார்ந்து, "நான் ராஜாவோட படையில நின்னவன்டா" என்றான். ரிச்சர்டை வென்ற புது அரசன் ஹென்றியோ, போருக்கு முந்தின நாளிலிருந்தே தான்தான் அரசன் என்று அறிவித்திருந்தான். அந்தக் கணக்குப்படி ரிச்சர்டோடு நின்றவனெல்லாம் துரோகி. காவெனைக் கோட்டைச் சிறையில் தள்ளினார்கள். தூக்குதான் என்று ஊர் பேசியது.

பிணை கொடுத்து அவனை மீட்க அக்காளும் தங்கையும் போனார்கள்.

"அவன் களத்துல நின்னது எந்த ராஜாவோட எத்தனாவது வருஷம்? சொல்லும்மா" என்றார் எழுத்தர்.

ஏவிஸுக்குப் பொறி புரிந்தது. ரிச்சர்டின் வருடம் என்றால், ஹென்றியை மறுத்தாள் என்று இசாட்டையும் உள்ளே போடுவார்கள். ஹென்றியின் வருடம் என்றால் காவென் கழுத்தில் இவளே கயிறு மாட்டியதாகிவிடும்.

"புனித பார்த்தலோமேயு திருநாளுக்கு ரெண்டு நாள் முந்திங்க" என்றாள் இசாட்.

"நான் ராஜா பேரைக் கேட்டேன்."

"அன்னிக்கு அது களத்துல நின்னவங்களுக்கே தெரியாதே. இங்க உக்காந்திருந்த உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சாங்க?"

எழுத்தரின் இறகுப் பேனா நின்றது. அன்றைக்கு அவரும் ஊரோடு சேர்ந்து ரிச்சர்டின் பெயரைத்தான் எழுதியிருந்தார். வாசல் காவலன் சிரிப்பை இருமலாக்கினான்.

"நாக்குல ஊசி வச்சிருக்க" என்று முனகி, எழுத்தர் புனிதர் நாளையே எழுதினார். "அவன் இன்னொரு தடவை வாயைத் திறந்தான்னா உன் கடையும் போகும், நீயும் உள்ள வருவ."

"வேணாம்டி" என்று ஏவிஸ் தங்கையின் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். "அவன் வாய் என்னிக்குச் சும்மா இருந்திருக்கு?"

"இருக்காதுதான்க்கா. அதுக்காகத் தொங்கட்டும்னு விட்டுட்டுப் போவோமா?"

"கையெழுத்துக்குப் பதிலா கீழ ஒரு சிலுவை கீறு" என்றார் எழுத்தர்.

"சிலுவை யாரு வேணா கீறலாம். நாளைக்கு அக்கா கீறினதுன்னு அவளையும் இழுப்பீங்க. பேரே எழுதறேன்."

பலிபீடத் துணிகளில் ஊரார் பெயரையெல்லாம் தைத்தவள், தன் பெயருக்காகப் பேனாவைத் தொட்டதில்லை. ஏவிஸ் கண்ணெடுக்காமல் பார்த்தாள். கோணலாக, ஆனால் ஓர் எழுத்தும் குறையாமல், மையில் விழுந்தது இசாட்டின் பெயர். அதற்கு மேலே எழுத்தர் அன்றைய தேதியை எழுதி முடித்திருந்தார்: ஹென்றி அரசரின் முதலாம் ஆண்டு, புனித ஹிலாரி திருநாள்.