மூன்று சிலிண்டர்களில் இரண்டு

என் வீட்டுக்காரர் விமானப்படையில் இருபது வருஷம் என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று காஞ்சிபுரம் திரும்பியதும் திருப்புட்குழி பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினார். அந்த ஊரில் அவருடைய அம்மா மற்றவர்கள் வயலில் நாற்று நட்டவர். வாங்கிய நிலத்தில் அவர் வீடு கட்டவில்லை. தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். நாமே ரிவெட் ஆணி அடித்துச் சேர்க்க வேண்டும். நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குப் போய், அவர் ரிவெட் அடிக்கும்போது தகட்டின் பின்னால் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். ஆறு வருஷம் அப்படிப் போனது.

கடைசியாக என்ஜின் வந்தது. நான்கு சிலிண்டர், புதுசு. என்ஜினை ஓட்ட அனுமதி கிடைத்த பிறகு, விமானத்தைத் தரையில் நிறுத்தியே அதை ஓட்டிப் பார்த்தோம். மொத்தம் பத்து மணி நேரம்கூட ஓடியிருக்காது. ஒருநாள் காலை ப்ரொபெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"காத்து நிக்கல," என்றார்.

சிலிண்டர் காற்றை விடாமல் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்பது பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட வேண்டும். உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று மீட்டர் காட்டும். அவர் ப்ரொபெல்லரை அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் மீட்டரைப் படித்தேன். ஒன்றாவது சிலிண்டர் எழுபத்தாறு. இரண்டாவது ஐம்பத்திரண்டு. மூன்றாவது ஐம்பத்தெட்டு. நான்காவது நாற்பத்தொன்பது.

"எங்கேந்து போவுதுன்னு காதை வெச்சு கேளும்மா."

இரண்டிலும் நான்கிலும் புகைக்குழாயில் உஸ்ஸென்று சத்தம் வந்தது. மூன்றில் புகைக்குழாய் அமைதியாக இருந்தது, எண்ணெய் ஊற்றும் வாயில் காற்று வந்தது.

"ரெண்டுலயும் நாலுலயும் வால்வு சரியா உக்காரல. மூணு வேற கேஸு," என்றார்.

ஒயர் மாதிரி மெல்லிய கேமராவை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டுப் பார்த்தார். மூன்றாவதின் சுவரில் மட்டும் ஒரு பக்கம் முழுக்கத் துருப் புள்ளிகள். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

முந்தைய ஐப்பசி மழையின்போது அவர் ஓசூர் பக்கம் ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கப் போயிருந்தார். என்ஜின் ஓடாமல் கிடக்கும்போது உள்ளே ஈரம் சேரக்கூடாது என்று, ஸ்பார்க் பிளக் இடத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மூடிகளைத் திருகி வைத்திருந்தார். நீல மணி ரோஸ் நிறமாக மாறினால் உடனே வேறு மூடி போடச் சொல்லியிருந்தார். கடையில் தீபாவளிக் கூட்டம். இரண்டு வாரம் நான் கொட்டகைக்கே போகவில்லை. மூன்றாவது வாரம் போனபோது மூன்றாவது சிலிண்டரின் மூடியில் மட்டும் நிறம் மாறியிருந்தது. ஒன்றுதானே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த அடுத்த வாரமும் மழை. அவரிடம் சொல்லவே இல்லை. துருவைப் பார்த்த அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேமராவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவரே கடிதம் எழுதினார். மூன்று சிலிண்டரும் கெட்டுவிட்டன, மாற்றிக் கொடுங்கள் என்று நாலு வரி. எல்லாப் படங்களையும் சேர்த்து அனுப்பினார். கம்பெனியிலிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. படத்தில் துரு தெரிகிறது, பராமரிப்புக் குறை, வாரண்டி செல்லாது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வரும்போதே துரு இருந்துச்சுன்னு எழுதப் போறேன். இல்லைன்னு அவன் எப்பிடி நிரூபிப்பான்?"

"அப்பிடி எழுதாதீங்க," என்றேன். "துரு நம்மளது."

"அத்த ஒத்துக்கினா மொத்தமும் போச்சு. உனக்கு இன்னா தெரியும் இதுல?"

எனக்கு என்ஜின் தெரியாது. புகார் தெரியும். பட்டுக்கடையில் பதினோரு வருஷமாக வெளியூர் வாடிக்கையாளர்களின் குறைகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. சரிகை கருத்துவிட்டது, சாயம் போய்விட்டது என்று தினமும் வரும். சென்ட் அடித்த கறையை நெசவுக் குறை என்பார்கள். ஒரு பொய் தெரிந்துவிட்டால் மீதியைப் படிக்கவே மனசு வராது. ஒருமுறை ஒரு அம்மா இரண்டு புடவையைத் திருப்பி அனுப்பி, ஒன்று இஸ்திரியில் தானே பொசுக்கியது, அதற்கு எதுவும் கேட்கவில்லை, இன்னொன்றில் பார்டர் புடவையின் உடம்போடு சேரும் இடத்தில் இழை விடுகிறது, அதை மட்டும் பாருங்கள் என்று எழுதியிருந்தார். முதலாளி ஒரு கேள்வி கேட்காமல் புதுப் புடவை அனுப்பச் சொன்னார்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. "நீயே எழுது. எனக்கு அவனுங்களுக்கு எழுத கை வராது," என்றார்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது சிலிண்டருக்குத் தனியாக ஒரு பத்தி: மழைக்காலத்தில் மூடியை மாற்றாமல் விட்டது நான், அதற்கு வாரண்டி கேட்கவில்லை. இரண்டும் நான்கும் வேறு. அவற்றில் துரு இல்லை, வால்வு வழியாகத்தான் காற்று போகிறது. ஒவ்வொரு முறை ஓட்டியபோதும் அவர் நோட்டில் வெப்பம் குறித்திருந்தார், என்ஜின் அதிகம் சூடாகவில்லை என்று காட்ட அந்தப் பக்கங்களைப் படமெடுத்தேன். அப்போதுதான் சிலிண்டர்களில் பொறித்திருந்த எண்களைக் கவனித்தேன். இரண்டாவதும் நான்காவதும் அடுத்தடுத்த எண்கள். ஒரே மெஷினில் அடுத்தடுத்து வெட்டப்பட்டவையாக இருக்கலாம், இரண்டிலும் ஒரே குறையா என்று சோதித்துப் பாருங்கள் என்று முடித்தேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த இரண்டை மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

கழற்றிய அன்று சிலிண்டரை அவர் வெளியே இழுக்க, உள்ளிருந்து வரும் பிஸ்டன் சரிந்து அடிபடாமல் நான் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். பெட்டி செய்ய பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு மரவேலை செய்யும் ஒரு ஆசாரியிடம் போனேன்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ கெட்டியா?"

"சிலிண்டர் அனுப்பணும்ணா."

"கேஸ் சிலிண்டரா? அத்த எதுக்கு பொட்டில போடுற?"

விமானம் என்றதும் அவர் நம்பவில்லை. படத்தைக் காட்டியதும் பேச்சை விட்டு அளவெடுத்தார். உள்ளே ஆடாமல் உட்கார இரண்டு வட்டக் குழி வெட்டிக் கொடுத்தார்.

வெளிநாட்டுக்குப் பழுதுபார்க்க அனுப்புவதைச் சுங்கத்தில் எண்களோடு பதிந்துவிட்டுப் போனால்தான் திரும்பி வரும்போது சிக்கல் இருக்காது என்று விசாரித்து வைத்திருந்தேன். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி தாளைப் பார்த்தார்.

"எந்த ஏர்லைன்ஸ்மா நீங்க?"

"ஏர்லைன்ஸ் இல்ல சார். எங்க சொந்த விமானம்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான்காவது சிலிண்டரின் எண்ணில் ஒரு இலக்கத்தை நான் தப்பாக அடித்திருந்தேன். "மாத்திக்கினு நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்கு லீவு கிடைக்காது. வெளியே போய் ஒரு ஜெராக்ஸ் கடையைத் தேடிப் பிடித்து, புதிதாக அடித்து, கையெழுத்துக்கு மத்தியானம் மூன்று மணிவரை நின்றேன். முத்திரை விழுந்த பிறகுதான் பஸ் ஏறினேன்.

அதன் பிறகு கம்பெனியிடமிருந்து சத்தமே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடைக்குப் போகுமுன் இரண்டு வரி எழுதிக் கேட்டேன். கோபமாக ஒரு சொல்கூட எழுதவில்லை, ஒரு திங்கட்கிழமையும் விடவில்லை. இதற்கிடையில் மூன்றாவது சிலிண்டரை அவர் பெங்களூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், துருப் போகச் சுவரைத் தேய்த்து, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு வாங்கி வந்தார்.

ஏழாவது திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. இரண்டிலும் வால்வு உட்காரும் வளையம் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது, தவறு எங்களுடையது, புது சிலிண்டர்கள் அனுப்புகிறோம். கடையிலிருந்தே அவருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"நான் எழுதியிருந்தா வந்திருக்காது," என்றார்.

புது சிலிண்டர்கள் வந்த வாரமே மாட்டினோம். சோதனையில் நான்கும் எழுபதுக்கு மேலே நின்றன. ஒரு மணி நேரம் ஓட்டினார். வரப்பில் நின்று நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். நிறுத்தி, எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, குறுக்கே வெட்டி, உள்ளிருந்த மடிப்புத் தாளை வெள்ளைத் துணியில் விரித்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு உலோகத் துகள்கூட இல்லை, உள்ளே எதுவும் உரசவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு, பறக்க அனுமதி தருமுன் ஆய்வு செய்ய வரும் அதிகாரிக்கு எந்த நாள் சரிப்படும் என்று கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.