தலைக்குக் கால் எதற்கு

மார்ச் வறட்சியில், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்துக்காரர்கள் ஊற்றுத் தொட்டியின் வால்வை மூடிவிட்டார்கள். கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு லயத்தாரும் ஞாயிறு ஒரே தேவாலயத்தில்தான் உட்காருவோம். அங்கே வேதம் வாசித்து, நாலு வார்த்தை பேசுவது டீச்சரான என் பொறுப்பு. அந்த வால்வைத் திறக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நேரே திட்டினால் காதை மூடிக்கொள்வார்கள். அதனால், பிளவுபட்டுக் கிடந்த ஓர் ஆதிச் சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய உருவகத்தை எடுத்தேன். உடல் ஒன்று, உறுப்புகள் பல. தலை காலைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் லயங்கள் மலைச்சரிவில் மேலும் கீழுமாக இருப்பதை நான் யோசிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

"அப்ப நாமதான் காலா, டீச்சர்?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் பக்கத்துக் காம்பராக்காரி.

"மேல இருக்கிறது தலைதானேக்கா," என்று மேல் லயத்து இளம் தாய் ஒருத்தி சிரித்தாள். "தலை சொல்றதத்தான் கால் கேக்கணும்."

"தலையில பேன்தான் இருக்கு போல!" என்றாள் காம்பராக்காரி.

அந்த வாரம் முழுக்க அதே பகுதியை வாசித்தேன். உருவகத்தில் தவறில்லை. தங்களை உயர்வாக நினைத்தவர்களுக்கு, தாழ்ந்ததாகத் தெரியும் உறுப்பும் வேண்டும் என்று அப்போஸ்தலர் காட்டியிருந்தார். எங்கள் தலைக்குக் கால் எதற்கு என்பதை நான் காட்டவில்லை. பதில் என் காம்பராவுக்கு எதிரிலேயே இருந்தது. தோட்டத்துப் பிள்ளைமடுவம் கீழ் லயத்தில் இருக்கிறது. மேல் லயத்துத் தாய்மாரும் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா, தண்ணீர் நின்றதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் ஆற்றிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு கதையாகச் சொன்னேன். "ஒரு தலை இருந்துச்சு. வேலைக்குப் போறப்ப பிள்ளையக் காலுக்கிட்ட விட்டுட்டுப் போகும். ஒருநாள் காலுக்குத் தண்ணிய நிறுத்திருச்சு. பிள்ளைக்கு எதுல பால் கரைக்கிறது?"

போன வாரம் சிரித்தவளே முந்திக்கொண்டாள். "அந்தத் தலைக்கு அறிவிருக்கா?"

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் குழந்தைக்கு எட்டு மாதம்.

வாசலுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்தாள். "போய்த் தொறந்து விடுங்க. இல்லாட்டி நான் போறேன்."

"பாதி தொறந்தா போதும்ல?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"முழுசா," என்றேன். அவரோடு தொட்டிவரை ஏறினேன். அவர் வால்வைத் திருகி முடித்த பிறகும், கீழேயிருந்து குடங்கள் மோதும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.