அக்கா பாட வேண்டிய இடம்

எங்கள் வீட்டில் நான் பாட்டு கட்டுவேன், அக்கா பாடுவாள். ஆற்றில் சேரன்மகாதேவிக்கு எதிர்க்கரையில், வயல்களை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். அப்பா வயல் வேலைக்குப் போவார். அம்மாவும் அக்காவும் நானும் பீடி சுற்றுவோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, இலையும் தூளும் வைத்த முறத்தை, எங்கள் பேச்சில் சொளகை, மடியில் வைத்தால், விளக்கு வைக்கும் வரை கை ஓடிக்கொண்டே இருக்கும். வாய் சும்மாதானே இருக்கிறது. மனதில் தோன்றியதை நான் இரண்டு வரியாக முனகுவேன். அக்கா அதை வாங்கி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிப் பாடுவாள். அதன் பிறகுதான் அது பாட்டு என்று எனக்கே தெரியும்.

முதல் முழுப் பாட்டு எங்கள் ஊரில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றியது.

‘கையக் காட்டி நிக்கேனே, கண்டுக்காமப் போறியே,
மண்ண வாரித் தூத்திட்டு மறுகரைக்குப் போறியே.’

அம்மா இலை வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “டிரைவர் காதுல விழுந்துறாமப் பாத்துக்கட்டி. பொறவு ஒருநாளும் நிறுத்த மாட்டான்” என்றாள்.

அக்காவின் குரலை எத்தனையோ பேட்டிகளில் விவரிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். நான் பாடினால் பாட்டு கேட்கும். அவள் பாடினால், பஸ்ஸுக்குக் கை காட்டி வெயிலில் நிற்கும் பெண்ணே தெரிவாள். அவள் இடுப்பில் பிள்ளை இருப்பதுகூடத் தெரியும். பிள்ளையைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போடும் அண்ணாச்சி எங்களுக்கு ஒரு வகையில் உறவு. மத்தியானம், கூட்டம் வருவதற்கு முன்பு, எங்களைக் கூப்பிடுவார். “ஏட்டி, ரெண்டு பேரும் ஒரு பாட்டு படிங்க, சத்தம் சரியா வருதான்னு பாப்போம்.” பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அக்காவின் குரல் ஆற்றைத் தாண்டிப் போகும். படித்துறையில் துவைத்துக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் அவளுக்குக் கீழே, அடிக்குரலில் கூடவே பாடுவேன். உலகத்தில் எனக்குத் தெரிந்த சுகம் அது ஒன்றுதான்.

அக்கா பள்ளிக்கூடத்தை முடித்த வருஷம், கொடைக்குக் கச்சேரி நடத்த வந்த பாட்டுக் குழுக்காரர் அதைக் கேட்டுவிட்டார். அடுத்த வாரமே வீடு தேடி வந்தார். பெரிய பெண்ணை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், மறுபடி விரித்தார்.

“பெரியவளுக்கு மாப்பிள்ளை பாத்து முடிச்சாச்சு அண்ணாச்சி. பம்பாய்ல வேலை. மேடையில ஏத்துனா அவுக வீட்டுல என்ன நெனப்பாக?”

வந்தவர் எழுந்துவிட்டார். அப்போது அக்கா உள்ளேயிருந்து வாசல்வரை வந்தாள். பெரியவர்கள் பேச்சில் அவள் குறுக்கிட்டு நான் பார்த்ததில்லை.

“இவளக் கூட்டிட்டுப் போங்க. பாட்டு கட்டுதது இவதான். நான் சும்மா படிக்கேன், அவ்வளவுதான்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெரிய விருப்பம் ஒன்றும் இல்லை. கோரஸுக்கு ஆள் குறைந்ததால் சரி என்றார். எனக்கு இன்னும் கல்யாணப் பேச்சு எழாததால் அப்பாவும் தடுக்கவில்லை. அக்காவின் கல்யாணம் முடிந்து அவளை ரயிலேற்றிவிட்ட மறுவாரம் நான் குழுவின் வேனில் ஏறினேன்.

கோரஸில் நின்றேன், சினிமாப் பாட்டு பாடினேன், முன்வரிசைப் பாடகி வராத நாளில் முன்னால் வந்தேன். திருச்செந்தூரில் ஒரு சாயங்காலம், பாதயாத்திரை வந்தவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, மேளக்காரர் வர நேரமாயிற்று. அந்த இடைவெளியில் பஸ் பாட்டைப் பாடினேன். யாரோ அதை போனில் எடுத்துப் போட்டார்கள். அதிலிருந்துதான் சென்னை கூப்பிட்டது.

சென்னையில் முதல் ஒலிப்பதிவில் இசையமைப்பாளர் பாதியில் நிறுத்தினார். “அது என்ன ‘செய்யுதான்’? யாருக்குங்க புரியும்? ‘செய்றான்’னு பாடுங்க.” பாடினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேறு யாரோ பாடியது போல இருந்தது. சில வருஷங்கள் கழித்து, என் பேச்சிலேயே பாடி நானே வெளியிட்ட பாட்டுகள்தான் எனக்குப் பேரைக் கொடுத்தன. இப்போது அதே ஆட்கள், “அந்த நெல்லைப் பேச்சு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்” என்கிறார்கள்.

இன்றைக்கும் ஒரு வரி மனதில் வந்தால் அக்காவின் குரலில்தான் வருகிறது. அதை என் தொண்டைக்கு ஏற்றபடி இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இறக்கும்போது கொஞ்சம் சிந்திவிடுகிறது. கேட்கிறவர்களுக்கு அது தெரியாது.

போன வருஷம் பம்பாயில் நம் ஆட்கள் ஒரு கச்சேரிக்கு அழைத்தார்கள். அக்கா அத்தானோடும் பையன்களோடும் முன்வரிசையில் இருந்தாள். மேடையிலிருந்து கையை நீட்டி அழைத்தேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மறுநாள் காலை அவள் வீட்டுச் சமையலறையில் நின்று, பாதியில் நிற்கும் ஒரு பாட்டை மெதுவாகப் பாடிக் காட்டினேன். தோசைக்கல்லைப் பார்த்தபடியே அவள் மேல்குரலில் சேர்ந்துகொண்டாள். குரல் சற்றுத் தடித்திருந்தது. ஆனால் நான் எழுதாத ஆள் ஒன்று அந்தப் பாட்டுக்குள் எழுந்து நின்றது. போனை எடுத்துப் பதிவு செய்யப் போனேன்.

“அதெல்லாம் வேண்டாம்ட்டி. ஆறிப் போவுது, தின்னு.”

“ஒனக்கு ஏக்கமா இல்லையாக்கா?”

“எதுக்கு ஏங்கணும்? ஒன் பாட்டு இங்கன தெனமும் ஓடுது. சின்னவன் சத்தமா வச்சுத் தொலைக்கான்.” தோசையைத் திருப்பிப் போட்டாள். “நான் வீட்டுக்குள்ள படிக்கவ. நீ வெளிய படி.”

அவள் அதைச் சலிப்பாகச் சொல்லவில்லை. நல்ல நிறைவோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். ஏக்கம் முழுவதும் என்னுடையது மட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டு இப்போது முடிந்துவிட்டது. தவில், நாயனம், என் குரல் எல்லாம் பதிவாகிவிட்டன. மேல்குரலுக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நல்ல பெண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், யாரையாவது பாட வைக்கலாமே என்று ஒலிப்பதிவு செய்பவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவிடம் போனில் கேட்கிறேன். இத்தனை நாளும் மாட்டேன் என்றவள் போன ஞாயிறு, “சின்னவன் பரீட்சை முடியட்டும், பைய பாப்போம்” என்றாள்.